தெர்னாவுக்கு வந்து சேராத ‘சரி’

எங்கள் பார்மா ஊரில், ஓபரா என்னும் பாட்டு நாடகம் நடக்கும் அரங்கின் மேல்மாடிக் காலரியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் கதைகளில் பாதி பொய். பாடுகிறவர்கள் மேல் முட்டைக்கோஸ் எறிவோமாம். முட்டைக்கோஸை நாங்கள் சூப்பில்தான் போடுவோம். ஆனால் சுருதியை இறக்கிப் பாடினால் கண்டுபிடித்துவிடுவோம் என்று சொல்கிறார்களே, அது உண்மை. அந்த உண்மையால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதுகிறேன். என் பங்கையும் எழுதுகிறேன். பெருமைப்படும்படி அதில் எதுவும் இல்லை.

ஓபரா அரங்கில் மேடையின் முன்விளிம்பில், நட்டநடுவே, கோழிக்கூண்டு மாதிரி ஒரு மரக்கூடு இருக்கும். அதற்குள் இடுப்பு வரை புதைந்து உட்கார்ந்து, பாடுகிறவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. முப்பது வருடம் அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் அரை மூச்சு முன்னதாகக் கொடுக்க வேண்டும். வாத்தியங்கள் முழங்கும்போது என் குரல் யாருக்கும் எட்டாது. உதட்டைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்வார்கள். அதனால் என் உதடு மட்டும் ஊரில் வேறு யாருக்கும் இல்லாத தெளிவோடு அசையும். “நெல்லோ, நீ வாய்க்குள்ள முனகினாக்கூட எதிர்வீட்டுக்காரிக்குப் புரியுது” என்று என் மனைவி திட்டுவாள்.

தெர்னா கிரார்தி எங்கள் தெருப் பெண். ஆற்றுக்கு அக்கரையில், பாலத்திலிருந்து மூன்றாவது சந்து. பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில். அதற்கு முந்தின வருடம் எங்கள் சிப்பாய்கள் ஆப்பிரிக்காவில் பிடித்த ஒரு ஊரின் பெயரை வைத்தார்கள். அவள் வகுப்பில் மட்டும் நான்கு தெர்னாக்கள். அவள் அப்பா அக்கீலே நாவிதர். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். பள்ளி விட்டு வந்து கடையில் முடி கூட்டும்போது பாடிக்கொண்டே கூட்டுவாள். அக்கீலே ஒருவன் தாடையில் கத்தி வைத்திருப்பார். மகள் கொஞ்சம் வழுக்கினால் கத்தியை எடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சுருதிக்கவையை எடுத்துக் கிண்ணத்தில் தட்டுவார். எஃகில் செய்த, இரண்டு கால் உள்ள சின்னக் கவை. டிங் என்று ஒரே ஒரு சுரம்தான் கொடுக்கும், அது மாறாது.

“கேட்டியா? நீ எங்க நிக்கற, அது எங்க நிக்குது?”

“கொஞ்சம்தானேப்பா கீழ இருக்கேன்.”

“கொஞ்சம் கீழன்னா கீழதான்.”

பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருப்பவன் இந்தப் பஞ்சாயத்து முடியும் வரை காத்திருக்க வேண்டும். நானே பல தடவை காத்திருக்கிறேன்.

பதினேழு வயதில் தக்காளி ஆலையில் டப்பா அடைத்துக்கொண்டே பாட்டுப் படித்தாள். இருபத்துமூன்றில் ஒரு சின்ன ஊரில் முதல் மேடை. தெர்னாவின் குரல் நல்ல குரல். நல்ல குரல் என்றால் நல்ல குரல், அவ்வளவுதான். உலகம் எழுந்து நிற்கும் குரல் இல்லை. அவளுக்கும் அது தெரியும். பெரிய பாடகிக்கு உடம்பு சரியில்லை என்றால் தந்தி கொடுத்துக் கூப்பிடுவார்கள். இரண்டு பெட்டியோடு போய் இறங்குவாள். மற்றவளுக்குத் தைத்த உடையில் ஊக்கு குத்திக்கொண்டு, ஒரே ஒத்திகையில் பாடிவிட்டு வருவாள். ஃபெர்ராரா, மாந்தோவா, ரவேன்னா, ஒரு தடவை கப்பலில் துனிசு வரை. போர்க்காலத்தில் கணப்பு இல்லாத அரங்குகளில் கம்பளிக் கால்சட்டைக்கு மேலே ராணி உடை. நடுவில் ஒரு துணிக்கடைக்காரனைக் கல்யாணம் செய்தாள். அவன் ஃபெர்ராராவில், இவள் ரயிலில். அது அப்படியே நின்றுபோயிற்று.

நான் பல ஊர்களில் அவளுக்கு அடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வரி மறக்காத பாடகி அவள். இருந்தாலும் முதல் அங்கத்தில் ஒரு தடவை என் கூட்டைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். கதாநாயகனாகப் பாடும் பெரிய வயிற்று டெனர் ஒருவன் உயிரை விடுகிற காட்சியில்கூடச் சிமிட்டினாள். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்ததில் அந்த டெனருக்கு அடுத்த வரி கிடைக்கவில்லை.

அவள் எங்கே பாடினாலும் அக்கீலே திங்கட்கிழமை விடுமுறையைச் சேர்த்துக்கொண்டு ரயில் ஏறிப் போய்விடுவார். கை தட்ட மாட்டார். முடிந்ததும் பின்வாசலில் தொப்பியோடு நிற்பார். சுருதி சுத்தமாக இருந்தால் “சரி” என்பார். இல்லை என்றால் “மூணாவது அங்கத்துல இறங்கிருச்சு” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. தெர்னா அந்த ஒரு ‘சரி’க்காகத்தான் பாடினாள் என்று நான் சொன்னால் பாட்டுப் பத்திரிகைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் அரங்கிலும் அவர் சொல்தான் சொல். மேல் காலரியில், முதல் வரிசைக் கம்பியோரம் அவர் இடம். உச்சிச் சுரம் ஒன்று முடிந்ததும் கவையை முழங்கையில் தட்டிக் காதோரம் வைப்பார். காலரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். “சரி!” என்று கணீரென்று வரும், கூரை இடியும்படி கை தட்டுவார்கள். “இறங்கிருச்சு!” என்று வந்தால் விசில். பாடியவன் அந்த வாரமே வேறு ஊரைப் பார்த்துப் போவான். இருபத்தைந்து வருடத்தில் அவர் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

அதனால்தான் தெர்னா சொந்த ஊரில் பாடவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டார்கள்; இரண்டு தடவையும் தொண்டை சரியில்லை என்று தந்தி அடித்தாள்.

“அப்பா ‘இறங்கிருச்சு’ன்னு சொன்னா நான் எந்த ஊர்ல போய் ஒளியறது நெல்லோ? வெளியூர்ல சொன்னா எனக்கு மட்டும் கேக்கும். இங்க சொன்னா அவர் சவரம் பண்ற அத்தனை பேருக்கும் கேக்கும்” என்றாள்.

மூன்றாவது தடவை ஐம்பத்தாறாம் வருடம், தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் திருவிழாப் பருவம். வரவேண்டிய பாடகிக்குக் காய்ச்சல். தெர்னாவுக்கு நாற்பத்துநான்கு வயது. அக்கீலேக்கு எழுபத்தாறு. முழங்கால் வீங்கி ரயில் படி ஏற முடியாமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. “இனிமே என்னால வர முடியாது. நீதான் வரணும்” என்று மட்டும் மகளிடம் சொல்லியிருந்தார். அவள் ஒப்புக்கொண்டாள்.

ஆனால் அந்த இரண்டு வருடத்தில் அவளுடைய உச்சிச் சுரம் போய்விட்டிருந்தது. கத்தினால் வரும், பாடினால் வராது. மூன்றாம் அங்கத்தில், நாடு கடத்தப்படும் ராணி தனியாக நின்று பாடும் பாட்டின் முடிவில் அந்தச் சுரம் நிற்கிறது. எங்கள் ஊரில் ரொட்டி சுடுகிறவனுக்கும் மனப்பாடமான பாட்டு. இசைக்குழுத் தலைவர் பொன்திரோலி நல்ல மனுஷன். கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் இருவரிடமும் சொன்னார்:

“பாட்டு முழுசையும் அரை சுரம் இறக்கிடலாம். வாத்தியத் தாள் எல்லாம் மாத்தி எழுதி வாங்கிட்டேன். வாத்தியக்காரங்க வாய் திறக்க மாட்டாங்க.”

“மேல எங்க அப்பா இருப்பாரு மாயெஸ்த்ரோ.”

“வேற எந்த ஊரா இருந்தாலும் இது ஒரு விஷயமே இல்லம்மா.”

“வேற எந்த ஊரா இருந்தாலும் நான் பாட ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டேனே.”

வெளியே வந்ததும் நான் கெஞ்சினேன். “தொண்டை சரியில்லன்னு சொல்லிடு. ரெண்டு தடவை சொன்னவளுக்கு மூணாவது தடவை சொல்லத் தெரியாதா?”

“தெரியும். அடுத்த வருஷம் இந்தக் குரல்கூட இருக்காது நெல்லோ. அப்பாவும் இருப்பாரோ என்னமோ. அரை சுரம் கீழே பாடினாலும் நம்ம ஊர்ல பாடறதை அவர் கேட்டாருன்னு ஆகுமில்ல?”

சனிக்கிழமை சவரம் செய்துகொள்ளப் போனேன். நாழி பார்த்துப் பேச்செடுக்கலாம் என்று நினைத்தேன். முன்பெல்லாம் அக்கீலே நுரை குழைக்கும்போதே ஊர்க்கதையைத் தொடங்கிவிடுவார். அன்று எதிரே இருந்த கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசாமல் வேலை செய்தார். என் வாயைச் சுற்றி நுரை இருந்தவரை நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை. மகள் பாடப்போகிற கவலை என்று எண்ணிக்கொண்டேன். முகத்தைத் துடைத்துவிட்ட பிறகு கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சொன்னேன்:

“அண்ணே, நாளைக்கு ஒரு நாள் அந்தக் கவையை வீட்டுல வெச்சுட்டு வாங்களேன். அப்பாவா வந்து உக்காந்து கேளுங்க.”

இதற்கு உடனே பதில் வந்தது.

“இருபத்தஞ்சு வருஷமா காலரிக்கு என்கூட வருது. நாளைக்கு மட்டும் இல்லன்னா மேல இருக்கறவன்லாம் என்ன நினைப்பான்? கிழவன் மகளுக்காகக் காதைக் கழட்டி வெச்சுட்டான்னு சொல்வான். அவ பாடினது நல்லா இருந்தாக்கூட எவனும் நம்ப மாட்டான்.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. துண்டை உதறிவிட்டுக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆட்டம். காலரி வாசலில் காலை ஒன்பது மணிக்கே வரிசை. பன்றித் தொடைக்கறிக்கு உப்புப் போடும் துராந்தே, ரொட்டியும் சீஸும் பொட்டலம் கட்டிக்கொண்டு அக்கீலேக்கு இடம் பிடிக்க முன்னால் நின்றான். மேலே நடந்ததை, அவன் பிறகு சொன்னபடிதான் நான் சொல்ல முடியும். என் கூட்டிலிருந்து காலரி தெரியாது. மேடை மட்டும்தான் தெரியும்.

முதல் இரண்டு அங்கமும் நன்றாகவே போயின. தெர்னா கண் சிமிட்டவில்லை. மூன்றாம் அங்கம். பொன்திரோலி கையை உயர்த்தினார். அந்தப் பாட்டின் முதல் சத்தம் அரை சுரம் கீழே எழுந்தது. தெரிந்தவனுக்கு அது தெரியும். தெர்னா பாடினாள். நான் கேட்டதிலேயே அவள் அவ்வளவு அழகாகப் பாடியதில்லை. இதை அவள் மேல் உள்ள பாசத்தால் சொல்லவில்லை; எனக்கும் காது உண்டு. உச்சிச் சுரம் வந்தது, நின்றது, சுத்தமாக முடிந்தது. வாத்தியங்கள் ஓய்ந்தன.

மேலே எல்லாத் தலைகளும் அக்கீலே பக்கம் திரும்பின என்றான் துராந்தே. அவர் கவையைத் தட்டினார். காதில் வைத்தார். பிறகு, எப்போதும் செய்யாத மாதிரி, அதன் காம்பைப் பல்லில் கடித்தார். எடுத்தார். மடியில் வைத்தார். மேடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ‘சரி’ வரவில்லை. ‘இறங்கிருச்சு’ம் வரவில்லை.

காலரிக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. சுருதி நின்றிருந்தால் அவர் சொல்லியிருப்பார்; சொல்லவில்லை என்றால் இறங்கியிருக்கிறது; மகள் என்பதால் மனுஷனுக்கு வாய் வரவில்லை. அதனால் யாரும் விசில் அடிக்கவில்லை. அவர் முகத்துக்காக அடிக்கவில்லை. அதே காரணத்துக்காக யாரும் கை தட்டவும் இல்லை. கீழே தனி மாடங்களில் இருந்த பணக்காரர்கள் இரண்டு பேர் கை தட்ட ஆரம்பித்து, மேலே அமைதியாக இருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கு. ஒருவர்கூட இருமவில்லை. கை தட்டலுக்காக விட்டிருந்த இடைவெளியில் பொன்திரோலியின் கை அந்தரத்தில் நின்றது. தெர்னா இரண்டு கையும் விரித்தபடி நின்றாள். பிறகு மெல்லத் தலையைக் குனிந்து என் கூட்டைப் பார்த்தாள். வரி மறக்காதவள், முதல் தடவையாக, என்னிடம் சொல் கேட்டாள். அடுத்த சொல் அவளுடையதல்ல, பணிப்பெண்ணுடையது. அது அவளுக்கும் தெரியும். அந்த நேரத்துக்கு எந்தப் புத்தகத்திலும் சொல் எழுதி வைக்கவில்லை. கடைசியில் பணிப்பெண் பக்கம் திரும்பி, “கதவைச் சாத்தட்டுமா, அரசியே” என்ற அவளுடைய வரியை உதட்டால் காட்டினேன். அவள் பாடினாள். ஆட்டம் நகர்ந்தது.

முடிந்ததும் அக்கீலே பின்வாசலில் தொப்பியோடு நின்றார். தெர்னா வந்தாள். அவர் அவளுடைய பெட்டியை வாங்கிக்கொண்டார். இருவரும் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்தார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அந்த ஞாயிறோடு தெர்னாவின் பாட்டு முடிந்தது. மிச்சம் இருந்த மூன்று ஒப்பந்தங்களுக்கும் தந்தி அடித்தாள். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்கு அனோலினிக் கொழுக்கட்டை போட்ட சூப் வைத்து எடுத்துப் போவாள்.

“அவருக்குத் தெரிஞ்சுபோச்சு நெல்லோ” என்றாள் என்னிடம், சந்தையில் கீரை பொறுக்கிக்கொண்டே. “வாயால சொல்ல முடியல, அவ்வளவுதான். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஏமாத்தினேன். அதுவும் அவர்கிட்டப் போய்.”

“நீ ரொம்ப நல்லாப் பாடின தெர்னா.”

“அதை நீ சொல்லி என்ன பிரயோஜனம்?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை. கடை சாத்தியிருந்தது. தெருவில் போனவனை அக்கீலே பாதிக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் பின்னால் நிற்கவில்லை. ஸ்டூலை இழுத்து நேர் எதிரே, முகத்துக்கு முகம் உட்கார்ந்தார்.

“நெல்லோ, எனக்குக் காது போயிடுச்சு.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“ரெண்டு மூணு வருஷமா மங்கிட்டு வந்துச்சு. கிறிஸ்மஸுக்கு மொத்தமா அடைச்சுக்கிச்சு. கண்ணாடியில வாயைப் பாத்துப் பாத்து ஒப்பேத்தறேன். உன் வாய் மாதிரி எவன் வாயும் புரியறதில்ல. அதான் உன்னைக் கூப்பிட்டேன்.”

நுரை பூசியபோது அவர் ஏன் பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“அன்னைக்கு மேல உக்காந்திருந்தேன். அவ வாயைத் திறக்கறா, மூடறா. கிணத்துக்குள்ள யாரோ பேசற மாதிரி ஒரு இரைச்சல். கவையைக் காதுல வெச்சேன், கேக்கல. பல்லுல கடிச்சேன், அது மட்டும் மண்டைக்குள்ள கேட்டுச்சு. எம் பொண்ணு எங்க நிக்கறான்னு தெரியலடா.”

“சும்மா ‘சரி’ன்னு சொல்லியிருக்கலாமேண்ணே!”

“கேக்காமலா?” அவர் முகத்தில் கோபமே வந்துவிட்டது. “காதுல விழாததை எப்படிடா சரின்னு சொல்றது? அவளுக்குப் போய்ப் பொய்ச் ‘சரி’ குடுப்பேனா நான்?”

ஸ்டூலை இன்னும் நெருக்கி இழுத்தார். பிறகு கேட்டார்:

“இதை அவகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. செவிட்டு அப்பன்தான் இத்தனை வருஷம் தீர்ப்பு சொன்னான்னு ஆயிடும். பழைய ‘சரி’ எல்லாம் அவளுக்குப் பொய்யாப் போயிடும்.”

சத்தியம் செய்தேன்.

“இப்ப நீ சொல்லு. நீ நாலடி தூரத்துல இருந்த. முழு சுருதியில பாடினாளா, இறக்கிப் பாடினாளா?”

யோசித்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். என்னால் அந்தக் கிழவரின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. மகள் வென்றாள் என்று கேட்டுவிட்டுச் சாகட்டும் என்று தோன்றியது. என் புகழ்பெற்ற உதட்டை அசைத்துச் சொன்னேன்:

“முழு சுருதியில பாடினா அண்ணே. சுத்தமா நின்னுச்சு.”

அவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை நான் அவரிடம் கண்டதே இல்லை. ரொட்டி ஒன்றைக் கடித்து முழுங்கும் நேரம்தான் அது இருந்தது. பிறகு உதடு கோணியது.

“அப்ப... நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தட்டியிருப்பாங்க.”

“அண்ணே...”

“நான் சும்மா இருந்ததாலதான் எல்லாரும் சும்மா இருந்தாங்க. சுத்தமாப் பாடின பொண்ணை நானே கொன்னுட்டேன்.”

“இல்லண்ணே! இறக்கித்தான் பாடினா! அரை சுரம் இறக்கினோம்! நீங்க பேசாம இருந்ததுதான் அவளை விசில்ல இருந்து காப்பாத்துச்சு!”

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன். மாடி வீட்டுக்காரி சன்னலைத் திறந்து “என்னாச்சு?” என்று கேட்டாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவருக்கு மட்டும் கேட்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தபோது மறுபடி சொன்னேன், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக: “இறக்கித்தான் பாடினா.”

என் வாயைக் கடைசிச் சொல் வரை பார்த்தார். என் கன்னத்தில் தட்டினார்.

“நல்லவன்டா நீ. என்னைத் தேத்தறதுக்காக அவ மேல பழி போடாத. மொதல்ல வந்ததுதான் உண்மை.”

அதன் பிறகு ஆறு மாதம் இருந்தார். வாரா வாரம் போனேன். தாளில் எழுதிக்கூடக் காட்டினேன். பொன்திரோலியைக் கூட்டிவருகிறேன் என்றேன். கையை ஆட்டி நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் சூப்பை வைத்துவிட்டு எதிரே உட்காருவாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்க மாட்டார். தன்னை மன்னிக்கவில்லை என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

நவம்பரில், மூடுபனியில், அடக்கம். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் தெர்னா அந்தச் சுருதிக்கவையைத் துணியால் துடைத்து அவருடைய உள்சட்டைப் பையில் வைத்தாள்.

“இந்தக் காதை ஏமாத்தப் பாத்தேன்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “கடைசியில நீதான் அவர்கூட அடிக்கடி இருந்த. அன்னைக்குப் பாட்டைப் பத்தி உன்கிட்ட ஏதாவது சொன்னாரா நெல்லோ?”

சத்தியத்தை நான் சாக்காகச் சொல்லக்கூடாது. அவர் சொன்னதைச் சொன்னால் அவருக்கு நான் கொடுத்த பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; அதற்குத்தான் பயந்தேன். அவள் அரங்கில் பார்த்த அதே மாதிரி என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லம்மா” என்றேன். “ஒண்ணும் சொல்லல.”

அவள் தலையை ஆட்டிவிட்டு, பெட்டியை மூடலாம் என்று ஆட்களுக்குக் கை காட்டினாள்.